சனிக்கிழமை டி அண்ட் டி மேசை: ஆட்டத்தைக் குலைப்பவர்கள் குறித்து

நண்பர்களே, நம் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) மேசையில் அடுத்த செஷனிலிருந்து இப்படித்தான்.

“என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்” என்று கூட்டாளியின் பைக்குள் கை விட்டுத் திருடுவதுதான் பெரிய தலைவலி. ரோக் (திருட்டில் கைதேர்ந்த கேரக்டர் வகை) திருடுவதில் தப்பில்லை. சக ஆட்டக்காரரிடம் திருடினால் மட்டும் பகடை உருட்ட வேண்டாம். பலித்ததா இல்லையா என்பதைப் பொருளுக்கு உரியவரே சொல்வார். உருட்டவிட்டால் டெக்ஸ்டெரிட்டி (கேரக்டரின் சுறுசுறுப்பு எண்) கூடியவரே பெரும்பாலும் ஜெயிப்பார், மற்றவருக்கு வாயே இருக்காது.

விதி வாக்குவாதம் 2 நிமிடம். அதற்குள் தீராவிட்டால் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்வதே அன்றைக்குச் சட்டம். புத்தகத்தை ஆட்டம் முடிந்து புரட்டலாம்.

சண்டையில் ஒரு ரவுண்ட் கதைக்குள் 6 விநாடிதான். மேசையில் 5 பேரும் 4 நிமிடம் யோசித்தால், உங்கள் முறை திரும்பி வர டிஎம் நேரம் போக 16 நிமிடம். போன் எடுக்காமல் என்ன செய்வார்கள்? முன்னவர் ஆடும்போதே உங்கள் ஸ்பெல்லை (மந்திரத்தை) படித்து வையுங்கள். பகடை தட்டில் விழணும். தரையில் விழுந்தது செல்லாது, உச்ச எண்ணான 20 ஆனாலும்.

டிஎம்களுக்கு: தொல்லை தருபவரின் கேரக்டரை டிராகனை விட்டுக் கொல்லாதீர்கள். அவர் அதைப் பகடையின் ராசி என்றே நினைப்பார், புது கேரக்டரோடு அதையே செய்வார். தனியாகக் கூப்பிட்டு, எந்தச் செயல், யாருக்கு இடைஞ்சல் என்று நேராகச் சொல்லுங்கள். குழுவில் இதை எழுதிப் போடவே வேண்டாம். இரண்டாம் முறை ஒரு செஷன் ஓய்வு, மூன்றாம் முறை இடம் வேறொருவருக்கு.

மேசை நடுவே எக்ஸ் அட்டை இருக்கும். காட்சி சங்கடமாக இருந்தால் அதைத் தொடலாம். யார் தொட்டாலும் காட்சி மாறும்; காரணம் கேட்கக்கூடாது.