சோழன் மாளிகை வரைக்கும் நடந்து போனேன்

மாப்ள, எப்படி இருக்க, தங்கச்சி, புள்ளைங்கல்லாம் சௌக்கியமா? இஞ்ச மழ விட்டுருச்சு, சம்பா கதிரு பழுத்து சாஞ்சு நிக்குது. அம்மாவுக்கு முட்டிவலி தேவல, உன்ன கேட்டுகிட்டே இருக்காங்க.

போன ஞாயித்துக்கெழம தாராசுரத்துல பஸ்ஸ விட்டு எறங்கி பட்டீஸ்வரம் வழியா, ஒருகாலத்துல சோழங்க தலைநகரா இருந்த பழையாறைக்கு நடந்தே போனேன்டா. சைக்கிள்ல எத்தன தடவ போயிருப்போம், ஒருநாளாவது நின்னு பாத்தோமா? சோழன் மாளிகைன்னு ஊர் போர்டு இருக்குல்ல, அதுக்கிட்ட நின்னு சுத்திப் பாத்தா வயலு, வாழக்கொல்ல, நாலு வீடு, அவ்ளோதான். ராஜேந்திர சோழன் காலத்துல முடிகொண்ட சோழபுரம்னு பேரு வாங்குன ஊருடா இந்தப் பழையாறை, அந்தப் பேரு இப்ப ஆத்துலதான் இருக்கு, முடிகொண்டான் ஆறு. கோயில கருங்கல்லுல கட்டுனாங்க, அரண்மனைய செங்கல்லும் மரமுமா கட்டிட்டாங்க, அதான் ஒரு செவுரு கூட நிக்கல. டீக்கடையில ஒரு பெரியவரு, கொல்லைய ஆழமா வெட்டுனா பழைய செங்கல்லு வரும் தம்பின்னாரு, எனக்கு அதக் கேட்டதுலேர்ந்து காலு எடுத்து வைக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு.

ஆரியப்படையூர், புதுப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர், எல்லாம் சோழன் படை தங்குன எடம்னு சொல்றாங்க. நம்ம கூடப் படிச்ச பசங்க ஊரு, கண்டக்டரு தெனம் கூவுற பேரு, அதுல 'படை' இருக்குன்னு எனக்கு இந்த வயசுலதான் ஒறைக்குது.

அப்பறம் ராமநாதன் கோயில், அத உன்கிட்ட சொல்லியே ஆகணும். ராஜேந்திரன் தன்னோட சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு 1019 வாக்குல எடுத்த பள்ளிப்படைடா அது, அதாவது செத்தவங்க சமாதி மேல கட்டுற கோயிலு, சின்னக் கோயிலுதான், பெத்த தாயி கெடையாது, இருந்தும் அந்தம்மா நெனவா கட்டிருக்கான், ஆயிரம் வருஷமா அப்படியே நிக்குது, அவன் இருந்த அரண்மனை எங்கன்னு தெரியல. உள்ள ஆளே இல்ல, அர மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன், பெரியம்மா நெனப்பு வந்துருச்சு, அவங்கதான என்ன வளத்தாங்க, உனக்குத் தெரியும்.

கீழப் பழையாறை சோமநாதர் கோயிலுக்குப் போறதுக்குள்ள வெயிலு ஏறிருச்சு, தேரு மாதிரி சக்கரம் வச்ச மண்டபத்த மட்டும் பாத்துட்டுத் திரும்பிட்டேன். ராஜராஜன் சமாதின்னு சொல்றாங்களே உடையாளூரு, அங்கயும் போகல. நீ பொங்கலுக்கு வா, காலைல ஆறு மணிக்கே கெளம்பிருவோம், பெரியம்மா கோயிலுக்கு மொதல்ல போவோம்.