தைச்ச இதய வால்வோடை 14 வருசம், என்னைத் தாங்கின எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன செவ்வாய்க்கிழமை எக்கோ, அதாவது இதய ஸ்கான், எடுத்தனான். டொக்டர் திரையைப் பாத்துக்கொண்டு கன நேரம் ஒண்டும் கதைக்கேல்லை, எனக்குக் கையெல்லாம் குளிர்ந்து போச்சு, பிறகு தான் திரும்பி "லீக் கொஞ்சம் இருக்கு, போன வருசம் மாதிரித் தான், இதயம் பெருக்கேல்லை, போட்டு அடுத்த வருசம் வாங்கோ" எண்டார். வெளியிலை வாங்கிலை இருந்து அழுதிட்டன். 2011 இலை தைச்ச வால்வு, இப்ப 14 வருசம். அண்டைக்கு இரவே இதை எழுதத் தொடங்கினன், ஏனெண்டா தைச்ச டொக்டர் சேரை மட்டும் கும்பிட்டாக் காணாது, அவர் தைச்சது ஒரு பகல், மிச்ச வருசமெல்லாம் அது பழுதாகாமல் பாத்தது வேறை கன பேர்.

எனக்கு வருத்தம் வந்தது 1994 இலை, 11 வயசு. முதல்லை தொண்டை நோ, அதை ஆரும் பெரிசா எடுக்கேல்லை, ரெண்டு மூண்டு கிழமையாலை காய்ச்சலோடை ஒரு முழங்கால் வீங்கினது, அது வத்த மற்ற முழங்கால், பிறகு கணுக்கால். வாதக்காய்ச்சல் எண்டவை. தொண்டைக்கு வந்த கிருமியை எதிர்க்கப் போற உடம்பு, ஆள் தெரியாமல் தன்ரை இதய வால்வையும் சேத்துத் தாக்கிறது தான் அந்த வருத்தம், ஒவ்வொருக்கா வரேக்கையும் வால்விலை தழும்பு கூடும், அதாலை தான் கிருமி திரும்ப வராமல் மாசா மாசம் பெனிசிலின் ஊசி. போட்டவைக்குத் தெரியும் அந்த நோ, ரெண்டு நாளைக்கு நொண்டி நொண்டித் தான் நடக்கலாம்.

அடுத்த வருசம் ஒக்டோபர் 30, சண்டையாலை யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் வெளிக்கிட்ட இடம்பெயர்வு. நாவற்குழிப் பாலத்தடியிலை மழைக்குள்ளை விடிய விடிய நிண்டனாங்கள், அம்மா தன்ரை நகையை எங்கை வைச்சனான் எண்டு கூட மறந்து போனா, என்ரை கிளினிக் கொப்பியை மட்டும் சொப்பிங் பையிலை சுத்திச் சட்டைக்குள்ளை வைச்சிருந்தா. பாலத்துக்கு அங்காலை தென்மராட்சியிலை இருந்த மாசங்களிலை ஊசி தவறிப் போச்சு, மருந்தில்லை, கேக்க ஆளில்லை. அப்பிடி இருக்கேக்கை ஒரு நர்ஸ் மிசி அந்த ஈரக் கொப்பியை வாங்கிப் பாத்திட்டு "பிள்ளை, இது விடக்கூடாத ஊசி" எண்டு சொல்லி எங்கையோ தேடி எடுத்துப் போட்டு விட்டவா. அவவின்ரை பேர் கூட எனக்குத் தெரியாது. மிசி, நீங்கள் எங்கை இருந்தாலும் முதல் நன்றி உங்களுக்குத் தான்.

பிறகு கன வருசம் நல்லாத் தான் இருந்தன். 2010 இலை மாடிப்படி ஏற இளைக்கத் தொடங்கினது, இரவிலை படுத்தா மூச்சு முட்டி எழும்பி இருப்பன். ஒரு இடத்திலை முட்டு வருத்தம், ஆஸ்துமா, எண்டு சொல்லிப் பம்ப் தந்து எட்டு மாசம் போனது, அந்த எட்டு மாசத்தை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும். கடைசியிலை புதுசாப் படிச்சு முடிச்ச ஒரு டொக்டர் தம்பி என்னை இடப்பக்கம் சரிஞ்சு படுக்கச் சொல்லிப்போட்டு நெஞ்சிலை குழாயை வைச்சு கனநேரம் கேட்டவர், கேட்டிட்டு "அக்கா, சின்னனிலை மூட்டு வீங்கினதோ?" எண்டு கேட்டார். அந்த ஒரு கேள்வி தான் என்னைக் காப்பாத்தினது, தம்பி.

கொழும்பிலை சத்திரசிகிச்சை செய்த சேர் எனக்கும் என்ரை மனுசனுக்கும் முன்னாலை ஒரு கடதாசியிலை படம் கீறி எல்லாம் சொன்னவர். உலோக வால்வு போட்டா அது தேயாது, ஆனா ரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற வாஃபரின் சாகுமட்டும் குடிக்கவேணும், அந்தக் குளிசை வயித்திலை இருக்கிற பிள்ளையைத் தாக்கும். மிருகத் திசுவாலை செய்த வால்வுக்கு வாஃபரின் நெடுகத் தேவையில்லை, ஆனா இளம் ஆக்களுக்கு அது கெதியாக் கல்லாகிப் பழுதாகும். எனக்கு அப்ப 28 வயசு, பிள்ளை வேணும். மூண்டாவது வழி சொந்த வால்வையே திருத்திறது. அவர் ஒண்டையும் மறைக்கேல்லை. வால்வை இழுத்துப் பிடிக்கிற நார் அறுந்து லீக் பண்ணிற வால்வைத் தைச்சா 20 வருசத்துக்குப் பிறகும் கன பேருக்குத் திரும்ப ஒப்பரேசன் தேவைப்படாது, ஆனா வாதக்காய்ச்சல் திண்ட வால்வு அப்பிடி இல்லை, தழும்பு பிறகும் வளரும், அதாலை எத்தினை வருசம் தாங்கும் எண்டு வாக்குத் தரமாட்டன், ஆனா தைக்க ஏலும் எண்டு நினைக்கிறன் எண்டார். வாக்குத் தராமல் விட்டதுக்காகவே அவரை நம்பினன்.

ஒட்டியிருந்த ரெண்டு மூலையையும் பிரிச்சு, சுருங்கின நாருகளுக்குப் பதிலா கோர்டெக்ஸ் எண்ட செயற்கை நூல் போட்டு, சுத்திவர ஒரு ரிங் வைச்சவை. அந்த ரிங் யோசனை 1960களின்ரை கடைசியிலை அலன் கார்ப்பென்ரியர் எண்ட பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் கொண்டு வந்ததாம். வீட்டு நிலை அகண்டு போனா ரெண்டு கதவும் முட்டாது தானே, கதவை மட்டும் சீவி என்ன பிரியோசனம், நிலையையும் இறுக்கவேணும், அது தான் ரிங். என்ரை இதயத்தை நிப்பாட்டிப்போட்டு இதைச் செய்த நேரம் முழுக்க மெசினாலை ரத்தம் ஓடவிட்ட ஆளை நான் கண்ணாலை காணவே இல்லை, அவருக்கும் நன்றி. ரத்தம் தந்தவைக்கும். சண்டை முடிஞ்சு ரெண்டு வருசம், ஆற்றை ரத்தம் எண்டு ஆருக்குத் தெரியும், தமிழோ சிங்களமோ, அது எனக்குள்ளை ஓடினது.

ஐசியுவிலை ஒரு சிங்கள மிசி, எனக்குச் சிங்களம் வராது அவவுக்குத் தமிழ் வராது, இருமவேணும் எண்டு தலைகாணியை நெஞ்சோடை கட்டிப்பிடிச்சுக் காட்டித் தந்தவா, நோவிலை நான் அழ "நங்கி, நங்கி" எண்டு நெத்தியைத் தடவிக்கொண்டு நிண்டவா. நங்கி எண்டா தங்கச்சி எண்டு பிறகு தான் கேட்டு அறிஞ்சன்.

ஊருக்கு வந்தாப்பிறகு மூண்டு மாசம் பாரம் தூக்கக்கூடாது, வெட்டின நெஞ்செலும்பு கம்பியாலை கட்டியிருக்கு, அது பொருந்தவேணும். எங்கடை வீட்டிலை அப்ப கிணத்துத் தண்ணி தான். முன்வீட்டு மாமி, உங்களை நான் எந்தச் சொல்லாலை கும்பிடுறது? விடிய அஞ்சு மணிக்குக் கப்பிச் சத்தம் கேக்கும், நான் எழும்பி வர தொட்டி நிரம்பி இருக்கும், ஒரு நாள் கூட "நான் அள்ளினனான்" எண்டு வாய் திறந்து சொல்லேல்லை நீங்கள். உங்கடை முழங்காலும் நோ எண்டு எனக்குத் தெரியும் மாமி.

அந்த முதல் மூண்டு மாசம் எனக்கும் வாஃபரின் இருந்தது. அம்மா பயந்து முருங்கையிலை, வல்லாரை எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டா. பாமசியிலை நிண்ட தங்கச்சி தான் சொன்னவா, "நிப்பாட்டாதேங்கோ அன்ரி, எப்பவும் ஒரே அளவாக் குடுங்கோ, கூட்டிக் குறைச்சாத் தான் ஐஎன்ஆர் ஆடும்" எண்டு. ஐஎன்ஆர் எண்டா ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாக்கிற அளவு. சின்ன விசயம் தான், ஆனா அதாலை ரத்தப் பரிசோதனை ஒரு நிலைக்கு வந்தது.

பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை ரத்தம் அரைவாசி அளவு கூடுமாம், அவ்வளவையும் தைச்ச வால்வு தாங்கவேணும், ஒவ்வொரு மாசமும் பயந்து பயந்து எக்கோ அறைக்குப் போனன். மகள் 2014 இலை பிறந்தவள், இப்ப 11 வயசு. எனக்கு வருத்தம் வந்த அதே வயசு. போன மாசம் தொண்டை நோகுது எண்டவள், நான் சோறு கூடக் குடுக்கேல்லை, நேரா டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு ஓடினன். தாய்மாரே, பிள்ளையள் தொண்டை நோவெண்டா தடிமன் தானே எண்டு விடாதேங்கோ, தயவு செய்து காட்டுங்கோ.

பல்லு டொக்டருக்கும் சொல்லவேணும். ரிங் உள்ளை இருக்கிறதாலை பல்லுப் பிடுங்கேக்கை வாய்க் கிருமி ரத்தத்திலை ஏறி வால்விலை போய்க் குந்தினா அவ்வளவு காலத் தையலும் ஒரு கிழமையிலை போகலாம், அதாலை அவர் நான் கேக்கமுதலே "அமொக்சிலின் 4 குளிசை போட்டிட்டீங்களோ, ஒரு மணித்தியாலம் ஆச்சுதோ" எண்டு கேட்டிட்டுத் தான் கதிரையிலை ஏத்துவார். 2022 இலை பெற்றோல் இல்லாமல் சனம் வரிசையிலை படுத்துக் கிடந்த நேரம் எங்கடை ஒழுங்கை ஓட்டோ அண்ணை என்ரை ஊசி நாளுக்கு எண்டு ஒரு போத்தில் பெற்றோல் ஒளிச்சு வைச்சிருந்தவர், காசு குடுக்க வாங்கேல்லை, "இது உன்ரை கணக்கு பிள்ளை" எண்டார். எனக்கு இப்பவும் அதைச் சொல்லத் தொண்டை அடைக்குது.

இந்த வால்வு ஒரு நாள் பழுதாகலாம். அது எனக்குத் தெரியும், சேர் முதல் நாளே சொன்னவர். எனக்குள்ளை மூச்சு மாறமுதலே எக்கோ அதைக் காட்டும், அதுக்குத் தான் சுகமா இருந்தாலும் வருசா வருசம் போறது. அப்ப திரும்ப நெஞ்சைத் திறக்கவேணும், ரெண்டாந்தரம் தழும்புக்குள்ளாலை போறது கஷ்டம், வாஃபரினும் வரும். வரட்டும். என்ரை பிள்ளை பிறந்திட்டாள், நடந்திட்டாள், இப்ப எனக்கு ஐஎன்ஆர் எண்டா என்னெண்டு விளங்கப்படுத்திற அளவுக்கு வளந்திட்டாள்.

40 வயசு தாண்டியும் ஊசியை நிப்பாட்டவேண்டாம் எண்டு தான் டொக்டர் சொல்லியிருக்கிறார். கிளினிக் மிசி, வாற வியாழக்கிழமை என்ரை ஊசித் தவணை, இந்த முறை இடப்பக்கம் போடவேணும். மகளையும் கூட்டிக்கொண்டு வாறன், அவள் உங்களைப் பாக்கவேணுமாம்.