ரவிக்கைத் தொழில் தொடங்கவிருக்கும் பாடகித் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பியிருந்த திட்டத்தை முழுவதும் படித்தேன். திருமண விருந்துகளிலும் கலை நிகழ்ச்சிகளிலும் பாடிச் சேர்த்த பெயரை முதலாக வைத்து, தீபாவளிக்குள் ஆயத்த ரவிக்கை, சுடிதார், லெஹங்கா என்று மூன்று வகை உடைகளையும் உன் பெயரிலேயே சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், "விக்டோரியா பெக்காம் செய்ததைத்தானே அக்கா நானும் செய்யப் போகிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீண்ட பதில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் கடைக்கு மேடை உடை தைக்க வரும் வேறு சில பெண்களும் அதே பெயரைச் சொல்லிக் கேட்பதால், இதைப் பொதுவில் எழுதுகிறேன். உன் கணக்கு வழக்குகளை இங்கே வெளியிடமாட்டேன், பயப்படாதே.

பாடகியாக இருந்து உடை வடிவமைப்பாளரான அந்தப் பெண்மணியின் கதையை நாம் ஐந்து சொற்களில் சொல்லிப் பழகிவிட்டோம்: பாடினார், புகழ்பெற்றார், மணந்தார், கடைதிறந்தார், ஜெயித்தார். நடுவில் விடுபட்ட ஆண்டுகளில்தான் உனக்கு வேண்டியவை எல்லாம் இருக்கின்றன.

1974-இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் பிறந்த விக்டோரியா, நாடகக் கலைப் பள்ளியில் பயின்று, 1994-இல் பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துத் தேர்வுக்குப் போய், பின்னாளில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்று உலகம் அறிந்த ஐவர் குழுவில் ஒருவரானார். 1996 ஜூலையில் வெளிவந்த அவர்களுடைய முதல் பாட்டு 37 நாடுகளில் முதலிடத்தைப் பிடித்தது. ஐவருக்கும் பட்டப்பெயர் வைத்தது ஓர் இசை இதழ். விக்டோரியாவுக்குக் கிடைத்தது 'பாஷ் ஸ்பைஸ்', அதாவது பெரிய இடத்துப் பெண் என்ற பெயர். அந்தப் பெயர் குரலுக்காகக் கிடைத்ததன்று. குட்டையான கறுப்பு உடை, உயர்ந்த குதிகால் செருப்பு, சிரிக்காத முகம் ஆகியவற்றுக்காகக் கிடைத்தது. அந்தக் குழுவில் அதிகம் தனித்துப் பாடியவர் அவர் அல்லர் என்பது பாட்டைக் கேட்டாலே தெரியும்.

குழு கலையும் தறுவாயிலேயே தனியாகப் பாடிப் பார்த்தார். 2000-இல் வேறொரு குழுவோடு சேர்ந்து பாடிய பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை வந்தது. அடுத்த ஆண்டு வந்த தனி ஆல்பம் பத்தாம் இடத்தோடு நின்றது. அதற்கடுத்த ஆண்டே இசை நிறுவனத்துடனான உறவு முறிந்தது. உலகமே முகமறிந்த ஒருவருக்கு இது நடந்தது, தங்கையே. எல்லாருக்கும் தெரிந்த முகம் என்பதற்காக மட்டும் யாரும் காசு கொடுத்து வாங்கிவிடுவதில்லை என்று அவர் கற்றது பாட்டுத் தொழிலில்தான். துணித் தொழிலுக்கு அவர் கொண்டுவந்த பாடங்களில் இதுவே பெரியது என்பது என் எண்ணம்.

2004-இல் ஓர் அமெரிக்க ஜீன்ஸ் நிறுவனத்துக்காகத் தம் பெயரில் சில கால்சட்டைகளை வடிவமைத்தார். பிறகு தமக்கென்று ஜீன்ஸ், கறுப்புக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டார். இவற்றை நான் பெரிதாக எண்ணவில்லை; புகழ் உள்ள யாரும் செய்வதுதான். கதை திரும்புவது 2008 செப்டம்பரில். நியூயார்க் நகரின் ஒரு விடுதி அறையில், பத்திரிகையாளர்களைச் சிறு சிறு குழுக்களாக அழைத்து, வெறும் பத்தே உடைகளைக் காட்டினார். பாட்டும் மேடையும் விளக்கு வரிசையும் இல்லை. ஒவ்வோர் உடையையும் தாமே எடுத்து விளக்கினார். கேலி பேசலாம் என்று வந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த உடைகளைப் படங்களில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். தையல் தெரிந்தவளுக்கு அவற்றில் சொல்ல நிறைய உண்டு. உள்ளே உடலைப் பிடித்து நிறுத்தும் கச்சை உடையோடு சேர்த்தே தைக்கப்பட்டிருந்தது. அணிபவருக்குத் தனியே ஒன்றும் தேவையில்லை. முதுகில் கழுத்திலிருந்து கீழ்விளிம்புவரை நீண்ட ஜிப், மறைக்கப்படாமல் வெளியே தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. ஜிப்பை மறைத்துத் தைத்தால் ஆயிரம் குறைகளை அதனுள் தள்ளிவிடலாம். வெளியே தெரியும்படி வைத்தால் இடுப்புத் தையல் இரு பக்கமும் ஒரே கோட்டில் வந்து சந்திக்க வேண்டும். ஒரு நூல் அளவு ஏறி இறங்கினாலும் பத்தடி தூரத்திலிருந்து தெரிந்துவிடும். நல்ல கட்டிங் மாஸ்டர் கையில் இல்லாதவர் அந்த வேலையைத் தொடவே மாட்டார். விக்டோரியா முறைப்படி தையல் படித்தவர் அல்லர். அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் பத்தாண்டுக்கும் மேலாகக் கேமரா முன் இறுக்கமான உடையில் நின்றவருக்கு, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே தளர விட வேண்டும் என்பது உடம்பால் தெரிந்திருந்தது. தைக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, தாம் அறிந்ததை அவர்கள் கையில் கொடுத்தார்.

விருதுகள் வந்தன. 2011-இல் பிரிட்டிஷ் ஃபேஷன் விருது, 2014-இல் மீண்டும் ஒன்று, அதே ஆண்டு லண்டன் டோவர் தெருவில் கடை, 2017-இல் அரச விருது. இந்த விருதுப் படங்களைத்தான் நீ உன் திட்டத்தின் முகப்பில் ஒட்டியிருக்கிறாய். ஆனால் விருது வந்துகொண்டிருந்த காலத்திலும் பேரேட்டில் சிவப்பு மைதான். 2018-ஆம் ஆண்டில் மட்டும் நிறுவனத்தின் நட்டம் ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் பவுண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் நியோ என்ற முதலீட்டு நிறுவனம் 3 கோடி பவுண்டு போட்டிருந்தது. கணக்கைத் திறந்து பார்த்தபோது அலுவலகத்தில் வைத்த செடிகளுக்கே ஆண்டுக்கு 70,000 பவுண்டு போய்க்கொண்டிருந்ததாம். 2025-இல் அவரைப் பற்றி வந்த ஆவணத் தொடரில் இதை வெளிப்படையாகவே பேசுகிறார்கள். நம் ஊரில் ஒரு சிறு கடையை வருடக்கணக்கில் நடத்தக்கூடிய பணம் அது. (செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தனி ஆள், தனிச் செலவு. இதைக் கேட்ட என் கடைப் பெண்கள் ஒரு நாள் முழுவதும் சிரித்தார்கள்.)

செலவைக் குறைத்து, இரண்டாக இருந்த உடை வரிசையை ஒன்றாக்கி, 2019-இல் அழகுசாதனப் பொருள்களையும் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. 2023-இல் விற்பனை சுமார் 8 கோடியே 90 லட்சம் பவுண்டைத் தொட்டது. தொடங்கியதற்கும் இதற்கும் இடையே 15 ஆண்டுகள். அத்தனை காலம் தாங்குவதற்கு அவருக்குப் பின்னால் கணவரான உலகப் புகழ்பெற்ற கால்பந்து வீரர் டேவிட் பெக்காமின் வருமானம் இருந்தது, முதல் போட்ட பெரிய மனிதர்கள் இருந்தார்கள். உனக்குப் பின்னால் இருப்பது அம்மாவின் சீட்டுப் பணம். இதைச் சொல்வது உன்னைத் தடுப்பதற்காக அன்று. எதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரித்துப் பார்ப்பதற்காக.

அழகுசாதனம் ஏன் கைகொடுத்தது என்பதையும் யோசித்துப் பார். உதட்டுச் சாயத்துக்கு அளவு கிடையாது. நம் நாட்டில் பாடகி டத்தோ ஸ்ரீ சித்தி நூர்ஹலிசா 2010-இல் தம் பெயரில் வணிகம் தொடங்கியபோது அழகுசாதனத்தையே தேர்ந்தெடுத்தார். துணி அப்படியன்று. ஐந்து மாதிரி, நான்கு நிறம், ஆறு அளவு என்று வைத்தால் 120 வகை. வகைக்கு ஐந்து என்றாலும் 600 உருப்படி. தீபாவளிக்கு முந்தைய வாரம் நடுத்தர அளவெல்லாம் தீர்ந்துபோய், வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவாய். பண்டிகை முடிந்ததும் ஒரு பக்கம் மிகச் சிறியதும் மறுபக்கம் மிகப் பெரியதும் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில்தான் உன் முதல் மாட்டிக்கொள்ளும். மஸ்ஜிட் இந்தியா கடைவீதியிலும் கிள்ளானிலும் இந்தியாவிலிருந்து இறக்கிய ஆயத்த ரவிக்கைகள் விற்கும் விலையை நீயே பார்த்திருக்கிறாய். அந்த விலையோடு மோதி நீயும் ஜெயிக்க முடியாது, நானும் ஜெயிக்க முடியாது.

அப்படியானால் உன்னிடம் என்ன இருக்கிறது? மூன்று மணி நேரம் ஒலிவாங்கியைத் தூக்கிப் பிடித்துப் பாடுகிற உடம்பு இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது விலா விரிவதும், இறுகத் தைத்த ரவிக்கையில் உச்சஸ்தாயி எட்டாமல் போவதும் உனக்குத் தெரிந்த அளவுக்குச் சூரத்தில் மொத்தமாகத் தைப்பவருக்குத் தெரியாது. கைக்குழியை ஆழமாக வெட்டினால் கையைத் தூக்க வசதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆழமான கைக்குழி உள்ள ரவிக்கைதான் கையைத் தூக்கியதும் முழுதாக மேலேறி இடுப்பைக் காட்டும். குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்து, கைத்துணியின் மேற்பகுதி அகலமாகவும் இருந்தால் ரவிக்கை இருந்த இடத்திலேயே நிற்கும். உள்துணிக்குப் பாலியெஸ்டர் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் மேடை விளக்குக்கும் மெல்லிய பருத்திதான் தாங்கும். அதையும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துச் சுருங்க விட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே மேல்துணி சுருக்கம் விழுந்து தொங்கும். பக்கத் தையலில் இரு புறமும் ஓர் அங்குலம் உள்ளே விட்டால் மூன்று அளவை வைத்தே ஆறு அளவுக்கான வாடிக்கையாளரைச் சமாளிக்கலாம். பாடகிக்கு மட்டுமா இது பயன்படும்? பரதநாட்டிய ஆசிரியைக்கும், வகுப்பறையில் நாள் முழுவதும் பலகையில் எழுதும் தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் இதுவேதான் வேண்டும்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திட்டத்தில் உன் கூட்டாளி முதல் போடுவார், பதிலுக்குப் பெயர் உரிமை நிறுவனத்துக்குப் போகும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடு. அமெரிக்கப் பாடகி ஜெசிக்கா சிம்ப்சன் 2005-இல் ஒரு காலணி நிறுவனத்தோடு சேர்ந்து தம் பெயரில் வணிகம் தொடங்கினார். செருப்பும் துணியுமாக அது பெரிதாக வளர்ந்தது. 2015-இல் அதன் பெரும்பங்கு வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனம் 2021-இல் திவாலானது. தம் பெயரையே முழுதாகத் திரும்பப் பெற அவரும் அவர் தாயாரும் 6 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. எஸ்.எஸ்.எம். என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில் வணிகத்தைப் பதிவு செய்துவிட்டால் பெயர் உனக்குச் சொந்தமாகிவிடும் என்று நினைக்காதே. வணிகச் சின்னத்தை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தனியாகப் பதிய வேண்டும். ஆடைகள் 25-ஆம் வகுப்பில் வரும்; பதிவு பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் உன் பெயரிலேயே இருக்கட்டும். நிறுவனம் உன்னிடமிருந்து உரிமம் பெற்றுப் பயன்படுத்தட்டும். கூட்டாளி இதற்கு முகம் சுளித்தால், அவர் எதை வாங்க வந்தார் என்பது உனக்குப் புரிந்துவிடும்.

லெஹங்காவையும் சுடிதாரையும் இந்த ஆண்டு விட்டுவிடு. ஒரே மாதிரி ரவிக்கை, கறுப்பு, பொன், வெள்ளை என்று மூன்று நிறம், மூன்று அளவு போதும். இவை எந்தச் சேலைக்கும் பொருந்தும்; தீபாவளியில் விற்காதது பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் விற்கும். தைக்கும் பொறுப்பு என்னுடையது. கூலியை முன்பணமாகக் கேட்க மாட்டேன், ஆனால் துணியை நீ வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை கடைக்கு வா. வரும்போது உன் பழைய மேடை ரவிக்கைகளில் அக்குளில் கிழிந்தவற்றை எடுத்துக்கொண்டு வா. எந்தத் தையல் முதலில் விட்டது என்று பார்த்துவிட்டு முதல் மாதிரியை வெட்டுவோம்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸ் தையல்கடை அக்கா