தெருப் பெயர்களை வெட்டாதீர்கள்

ஆங்கில நாவல்களைத் தமிழில் கொண்டுவரும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். அண்மையில் வந்த ஒரு சுருக்கப் பதிப்பில் ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலின் கிரேஸ்சர்ச் தெரு வெறும் 'லண்டன் மாமா வீடு' ஆகியிருக்கிறது. குரோவ்னர் தெருவோ பெயரே இல்லாமல் போய்விட்டது. பக்கத்தைக் குறைக்க வேறு எதையாவது வெட்டுங்கள். தெருப் பெயர்களை வெட்டாதீர்கள்.

அந்தக் கதையின் முடிச்சே இந்த இரண்டு தெருக்களில்தான் இருக்கிறது. கதாநாயகியின் அக்கா ஜேன் தங்குவது கிழக்கே கிரேஸ்சர்ச் தெருவில், மாமாவின் சரக்குக் கிடங்குகள் கண்ணுக்குத் தெரிகிற வீட்டில். அவள் விரும்பும் பிங்லியின் சகோதரி வீடு மேற்கே, செல்வந்தர்கள் வாழும் மேஃபேரின் குரோவ்னர் தெருவில். நடுவே ஏறத்தாழ மூன்று மைல்தான். அந்த மூன்று மைலைக் கடந்து பிங்லியின் இன்னொரு சகோதரி கரோலின் வருவாள் என்று ஜேன் இரண்டு வாரம் காலைதோறும் வீட்டிலேயே காத்துக் கிடக்கிறாள். தெருப் பெயர் தெரியாத வாசகருக்கு இது வெறும் மறதியாகப் படும். அவமதிப்பு என்று எப்படி விளங்கும்? பின்னால் ஜேனின் தங்கை லிடியா ஓடிப்போன விவகாரத்தில், பெரும் செல்வரான டார்சி தானாகவே கிரேஸ்சர்ச் தெருவுக்கு வந்து மாமாவைப் பார்க்கிறாரே, அது எத்தனை பெரிய இறக்கம்! உங்கள் பதிப்பில் யாரோ யார் வீட்டுக்கோ போகிறார், அவ்வளவுதான்.

பெயரை விட்டுவைப்பவர்களும் மொழிபெயர்த்துக் கெடுக்கிறார்கள். 'பெர்சுவேஷன்' நாவலில் வரும் வெஸ்ட்கேட் பில்டிங்ஸ் பாத் நகரின் ஒரு தெரு. 'கட்டடங்கள்' என்று போட்டால், மகள் அங்கே ஏழைத் தோழியைப் பார்க்கப் போகிறாள் என்று அந்தஸ்து பார்க்கும் சர் வால்டருக்கு வரும் கோபம் புரியாது. 'சிட்டி' என்பது லண்டன் முழுவதும் அல்ல. வணிகர்களும் வங்கிகளும் நிறைந்த பழைய சதுர மைல். 'மியூஸ்' என்றால் பெரிய வீடுகளின் பின்புறத்துக் குதிரைலாயச் சந்து. டிக்கன்ஸின் 'லிட்டில் டோரிட்' நாவலில் அரசு உயர் அதிகாரி டைட் பார்னக்கிள் குடியிருப்பது அப்படியொரு சந்தில். காற்றே புகாத வீடு, உள்ளேயெல்லாம் லாய நாற்றம். ஆனாலும் குரோவ்னர் சதுக்கம் பக்கத்தில் என்பதற்காகவே அங்கே வாடகை கொள்ளை. அதை 'குறுகிய தெரு' என்று எழுதி முடித்தால் டிக்கன்ஸ் எழுதியதில் என்ன மிஞ்சும்?

அட்டைக்கு வழவழப்பான வண்ணப்படம் கிடைக்கிறது. முன்னுரைக்குப் பத்துப் பக்கம் கிடைக்கிறது. வரைபடத்துக்கு ஒரு பக்கம் கிடைக்காதா? மேற்கே குரோவ்னர், பெர்க்லி, ஹானோவர் சதுக்கங்கள், வடக்கே போர்ட்மன் சதுக்கமும் ஹார்லி தெருவும், நடுவில் வழக்கறிஞர்களும் வணிகர்களும் வாழ்ந்த ரஸ்ஸல் சதுக்கம், கிழக்கே சீப்சைடு, கிரேஸ்சர்ச் தெரு. இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். நாவலில் வரும் வீடுகளுக்கு மட்டும் புள்ளி வையுங்கள். தெரு முதன்முதலில் வரும் பக்கத்தின் அடியில் ஒரே வரிக் குறிப்பு போதும்: அங்கே யார் குடியிருந்தார்கள், எந்தத் தொழில் செய்தார்கள். நூலின் கடைசியில் போட்டால் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த அச்சிலாவது தெருப் பெயர்களை அதனதன் இடத்தில் திரும்ப வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை வாங்கிப் படிக்கும் வாசகர்கள்