செயின் கவரைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சைக்கிள் சேகரிக்கும் இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைச் சென்னையில் இருக்கும் என் தங்கச்சி மகன் போனில் அனுப்பி வைத்தான். எழுத்தைப் பெரிதாக்கி, படங்களை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுதியவருக்குச் சைக்கிள்மேல் ஆசை இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கறுப்பு ராலே சைக்கிளின் படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்துவிட்டது. செயின் கவர் இல்லை. பின் மட்கார்டும் இல்லை. கம்பி பிரேக்கை மட்டும் முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றி, அந்தக் காலத் தரத்துக்கு அதுதான் சாட்சி என்று வேறு கீழே போட்டிருக்கிறது. காப்பாற்ற வேண்டியதைக் கழற்றிவிட்டு, கழற்ற வேண்டியதற்குப் பூசை செய்கிறார்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பர்மாவில், மோல்மீனில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, ஒரு பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, உத்தரத்தில் தொங்கும் டயர்கள், அவ்வளவுதான். 1964-இல் கடைகள் அரசுடைமையாகி நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறியபோது, எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் எங்கள் கடை தப்பியது. ஊரை விட்டுப் போகிறவர்கள் கிடைத்த விலைக்குச் சைக்கிளைத் தள்ளிவிட்டுப் போனார்கள். ஹெர்குலிஸ், ஹம்பர், பிஎஸ்ஏ, ராலே என்று எல்லாம் எங்கள் வாசலில் வந்து நின்றது அப்படித்தான். அப்புறம் சீமைச் சாமான் வரத்தே இல்லை. தாய்லாந்து எல்லையில் மியாவடி வழியாக மறைத்துக் கொண்டுவருகிற சாமானையும், கழித்துப்போட்ட சைக்கிளில் பிடுங்கிய சாமானையும் வைத்துத்தான் ஓட்டினோம். ஒரு பாகம் நல்லதா கெட்டதா என்பது எனக்கு அதோடு மல்லுக்கட்டித் தெரிந்தது.

செயின் கவருக்கு வருகிறேன். நான் சொல்வது முழுசாக மூடிய கவர். செயினும் பல்சக்கரமும் வெளியே தெரியாது. இங்கே ஆண்கள் உடுத்துவது கைலி. பர்மியருக்கும் அதுதான், நமக்கும் அதுதான், பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அதுதான். பந்து விளையாடுகிற பையன்கள் கைலியைச் சுருட்டி, கால் நடுவே வாங்கிப் பின்னால் செருகிக்கொள்வார்கள். ஆபீசுக்குப் போகிற மனிதர் அந்தக் கோலத்தில் போக முடியுமா? கவர் இருந்தால் கைலி கணுக்கால் வரை தொங்கினாலும் பல்லில் சிக்காது, எண்ணெய்க் கறை படாது. செயினுக்கும் நல்லது. மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை எங்கள் ஊரில் மழை. திறந்து கிடக்கிற செயின் அந்த மழையில் சீக்கிரமே துருவேறிக் கத்த ஆரம்பிக்கும், மூடின செயின் வருஷக்கணக்கில் உழைக்கும். தொல்லையெல்லாம் எங்களுக்குத்தான். பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் கவரின் வால்துண்டை முதலில் எடுக்க வேண்டும், அதன் சின்ன திருகுகள் எங்கேயாவது உருண்டு போகும். அப்பா திட்டிக்கொண்டேதான் கழற்றுவார். ஆனாலும் கவரை எடுத்துவிடலாம் என்று ஒரு வாடிக்கையாளரிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சைக்கிளில் செயின் இருப்பது வலது பக்கம், நாம் ஏறி இறங்குவது இடது பக்கம். உடுப்பு அழுக்காகாமல் இருக்க அது வசதி. 1970 டிசம்பரில் பர்மாவில் வண்டிகளெல்லாம் ஒரே நாளில் இடதுபுறத்திலிருந்து வலதுபுறத்துக்கு மாறின. செயின் மாறுமா? ஓரமாக நிறுத்திப் பழக்கப்படி இடது பக்கம் இறங்கினால் நடுரோட்டில் நிற்போம். கொஞ்ச காலம் ஊரே திட்டிக்கொண்டு இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் பெல்பாட்டம் வந்தது. சைக்கிள் கண்ட உடுப்புகளிலேயே மோசமானது எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். கீழே அந்த அகலம், அதிலும் கவர் இல்லாத செயின். பையன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு, மற்ற காலைச் சைக்கிளோடு சேர்த்து இழுத்துக்கொண்டு கடைக்கு வருவான். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே மெதுவாக இழுத்தால் துணி வந்துவிடும். அவசரக்காரன் கிழித்துக்கொண்டு வந்திருப்பான். வெள்ளைக்காரன் காலத்துக் குமாஸ்தாக்கள் பேண்டை இறுக்கிப் பிடிக்கக் கணுக்காலில் எஃகு கிளிப் போடுவார்கள். அது எங்கே கிடைக்கிறது? பழைய டியூபை வளையம் வளையமாக நறுக்கிக் கொடுத்தேன், நன்றாக விற்றது. ஆனால் சினிமா கொட்டகை வரும் முன்னாலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்கள். ரப்பர் வளையத்தோடு யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

இனி உங்கள் கட்டுரையாளர் மெச்சிய கம்பி பிரேக். பிடியை அழுத்தினால் கம்பிகள் மேலே இழுக்கும், ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில், அதாவது போக்ஸ் கம்பி நிற்கிற பக்கத்தில் போய் உரசும். வெயில் காலத்தில் சரிதான். முலாம் பூசின எஃகு ரிம்மில் தண்ணீர் பட்டுவிட்டால் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். எங்கள் ஊர் நடுவே நீளமாகக் குன்று ஓடுகிறது, அதன்மேல் சைக்தான்லான் பகோடா. மழையில் அந்தச் சரிவில் கம்பி பிரேக்கை நம்பி இறங்கியவர்கள் கடைசியில் செருப்பைத்தான் தரையில் தேய்ப்பார்கள். வலது செருப்பு மட்டும் குதிகால் தேய்ந்திருந்தால் அவர் மேட்டுத் தெருக்காரர் என்று அப்பா சொல்வார். சீனாவிலிருந்து வந்த ஃபீனிக்ஸ், ஃபாரெவர் சைக்கிள்களிலும் இதே பிரேக்தான், இதே செருப்புதான். ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். கேபிள் அறுந்தால் வேறு கேபிள் வேண்டும், கம்பி வளைந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். சாமான் கிடைக்காத நாட்டில் அது பெரிய விஷயம். அதற்காகச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதை மெச்ச வேண்டாமே!

நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப்பை, அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடத்தை. எல்லாப் பல்லும் உள்ளுக்குள். அதிலுள்ள சின்ன துளையில் அவ்வப்போது எண்ணெய் விட்டால் போதும். மேலே வருஷத்தைக் குத்தியிருப்பார்கள். 52 என்றிருந்தால் 1952, துடைத்துப் பார்த்தாலே சைக்கிளின் வயசு தெரிந்துவிடும். அதிலும் ஒரு விஷமம் உண்டு. கியர் மாற்றும் சின்னச் சங்கிலி சரியாக முடுக்கப்படாமல் இருந்தால், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பெடல் சும்மா சுற்றும். எழுந்து நின்று மிதிக்கிறவர் அப்படியே பாரில் வந்து உட்காருவார், பாவம்.

விளக்கு விஷயமும் அப்படித்தான். டயரில் உரசி ஓடும் பாட்டில் டைனமோ மழை வந்தால் வழுக்கும், அதாவது வெளிச்சம் அவசியமான நேரத்தில் அணையும். டயரின் பக்கத்தையும் அரித்துவிடும். அதே ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி முன்சக்கர ஹப்புக்குள்ளேயே டைனமோ வைத்துச் செய்தது. உரசலும் இல்லை, சத்தமும் இல்லை. எங்கள் கடைக்கு வந்தது மிகக் குறைவு, வந்ததை யாரும் விற்க மாட்டார்கள். உங்கள் சேகரிப்பாளர்களில் யாரிடமாவது அது இருந்தால், படம் போட வேண்டியது அதைத்தான்.

புரூக்ஸ் தோல் சீட்டைப் பற்றி ஊரே எழுதிவிட்டது, நானும் எதற்கு? உட்கார்கிறவரின் வாகுக்கு அது வளைந்து கொடுக்கும், உண்மை. மழையில் நனைந்தால் தொய்யும், தைப்பூசத்துக்கு வெள்ளை வேட்டியில் போனால் பின்னால் பழுப்பு முத்திரை விழும், அதுவும் உண்மை. கைப்பிடியில் பிளாஸ்டிக் குஞ்சம், ஹப்பில் கலர் கலராகப் பூவளையம், சீட்டுக்கு வெல்வெட் உறை என்று அலங்காரம் செய்தோமே, அவற்றை நான் மறந்துவிட்டேன், நீங்களும் மறந்துவிடுங்கள்.

கவரையும் மட்கார்டையும் கழற்றும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தங்கச்சி மகனைக் கேட்டேன். பந்தயச் சைக்கிளைப் பார்த்து வந்தது மாமா என்றான். சரி, பந்தயத்தில் நியாயம் இருக்கிறது. 1989 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாளை அவன்தான் போனில் காட்டினான். 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் லெமாண்ட், நீண்ட கைப்பிடியும் காற்றைக் கிழிக்கும் தலைக்கவசமுமாக வருகிறார். பிரெஞ்சுக்காரர் ஃபின்யோன் தலையில் ஒன்றும் இல்லாமல், பின்னால் குடுமி பறக்க வருகிறார். மூன்று வாரம் ஓடிய பந்தயம் ஃபின்யோனுக்கு 8 விநாடியில் கைவிட்டுப் போனது. அங்கே குடுமிக்கும் கணக்கு உண்டு. 20 கிலோ ராலேயில் ஒரு தகரக் கவரைக் கழற்றி நீங்கள் யாரை முந்தப் போகிறீர்கள்?

இன்னொரு படத்தில் ஒரு தம்பி தடித்த கம்பளிக் கோட்டும், தோளில் பட்டியும், தொப்பியுமாகச் சைக்கிளோடு நிற்கிறார். லண்டனில் 2009 முதல் இப்படி உடுத்திக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள், அந்தக் குளிருக்குச் சரி. சென்னை வெயிலில் அந்தத் தம்பிக்கு வியர்க்கவில்லையா? நம்மவர்களுக்கும் ஒரு சைக்கிள் உடுப்பு இருந்தது. மோல்மீனில் வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகளில் இருந்த கணக்கப்பிள்ளைகள் மேலே குளோஸ் கோட்டு, கீழே வேட்டி, காலில் செருப்பு, ஹேண்டில்பாரில் மாட்டிய குடையோடு வசூலுக்குப் போவார்களாம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர்கள் வேட்டியைக் காப்பாற்றியது நான் மேலே சொன்ன அதே கவர்தான். அடுத்த முறை யாராவது படத்துக்கு நிற்பதானால் அப்படி நிற்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த ராலேயை வைத்திருப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. படத்தில் இடது பெடல் தண்டு கொஞ்சம் சாய்ந்து தெரிகிறது. தண்டை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கும். இப்போதே மாற்றாவிட்டால் தண்டின் துளையும் சேர்ந்து கெடும். சுத்தியலால் நேராகப் போடாமல் அடியில் முட்டுக் கொடுத்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் பேரிங் குண்டுகள் அடிவாங்கும். கூடவே பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டை மாற்றுவதானால் மரையைக் கவனிக்கச் சொல்லுங்கள். நாட்டிங்ஹாமில் செய்த ராலேக்கு அங்குலத்துக்கு 26 மரை, மற்ற ஆங்கிலேய சைக்கிள்களில் பெரும்பாலும் 24. கடைக்காரர் தெரியாமல் 24-ஐத் திணித்தால் ஃபிரேமே போய்விடும். கழற்றிய செயின் கவரை இன்னும் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருந்தால் அதையும் மாட்டிவிடட்டும்.

தங்கள் வாசகன்,
பழைய சைக்கிள் கடைக்காரன்,
மோல்மீன், மியான்மர்