2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் கூட்டத்தில் நிரப்பிக்கொள்ள இடம் விட்டிருக்கிறேன். போன ஆண்டு 17. நம் ஊர் மன்றத்தின் மொத்த உறுப்பினர்கள் 64 என்பதை எல்லோரும் அறிவீர்கள்.

வழக்கமான நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. 2024 ஏப்ரல் 23, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று மந்தையில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். ஆகஸ்ட் 15 அன்று தலைவர் கொடியேற்றினார். ஐப்பசி மழைக்கு முன்பு 40 மரக்கன்றுகள் நட்டதில், ஆடுகள் போக 6 நிற்கின்றன. பொங்கலுக்குக் கோலப்போட்டியும் உறியடியும் நடந்தன. செயற்குழு நான்கு முறை கூடியது. அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தப் போதிய ஆள் (கோரம்) இல்லாததால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இனி எழுத்தறிவு வகுப்பு பற்றி. இதைப் பற்றிச் சாவடியில் பல பேச்சுகள் அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன பொதுக்குழுவில்தான் இந்தத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தது நான். கைதட்டியது எல்லோரும். ஒன்றிய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இலிருந்து 2027 வரைக்குமானது. 15 வயதைத் தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். 200 மணி நேரம் படித்துவிட்டு ஒரு தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண் வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50. சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத வேலை என்றால் நம் ஊரில் யாருக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றே சாவடியில் தொடங்கிவிட்டோம். மைக், ட்யூப் லைட், 30 சிலேட்டு, கரும்பலகை, பத்தடிக்கு ஒரு பிளெக்ஸ். வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் என் மனைவி, அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இன்னொருவர் சிலேட்டு இலவசமா என்று கேட்டு வந்தவர்.

அந்த பிளெக்ஸுக்கு 1,400 ரூபாய் செலவானதைப் பற்றி இங்கே சிலர் கேட்டார்கள். செலவு என் பொறுப்பு, வாசகமும் என் பொறுப்பு. ‘எழுத்தறிவற்றோருக்கான இலவச வகுப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அதில் தப்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. படிக்கத் தெரியாதவர்கள் அதைப் படிக்கப் போவதில்லையே என்று கேலி செய்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர்கள் படிக்கவில்லைதான், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்துக் காட்டிவிட்டன. “ஏண்ணே, நாங்க கைநாட்டுன்னு ஊருக்கே தெரியும். அதைப் பத்தடிக்குக் கட்டி வேற தொங்கவிடணுமா?” என்று கீழத்தெருவில் ஒரு மதினி என்னை நிறுத்திக் கேட்டார். மறுநாள் காலை நானே ஏணி போட்டு அதை அவிழ்த்தேன். இப்போது வகுப்பு நடக்கும் கொட்டகையின் கூரையில் அது ஒழுகலுக்குப் போர்த்தியிருக்கிறது. வீணாகவில்லை.

ஆர்வம் இல்லாத ஜனம் என்று சொல்லி அத்தோடு விட்டிருக்கலாம். செயற்குழுவில் அப்படித்தான் சொன்னார்கள், சீரியலையும் குறை சொன்னார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, அரிக்கேன் விளக்கோடு தெருத்தெருவாகப் போனவர்களில் நானும் ஒருவன். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகி ரோட்டுக்கு வந்ததை நாடே பார்த்தது. அன்றைக்கு வந்த ஜனம் இன்றைக்கு ஏன் வராது? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு வருவது என்று கிளம்பினேன். இரண்டு உறுப்பினர்கள் கூட வருவதாகச் சொன்னார்கள். இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் ஒரு வீட்டிலும் பெண்கள் இல்லை. அடுப்பு எரிகிறது, குழம்பு கொதிக்கிறது, ஆளைக் காணோம். மூன்றாவது தெருவில்தான் ஒரு பையன் சொன்னான்: “குழுக்காசு வசூலுக்கு ஆளு வந்திருக்குன்னு நெனச்சு அம்மா பின்னாடி போயிருச்சு தாத்தா.” நோட்டும் பேனாவுமாக மாலை நேரத்தில் வருகிற ஆம்பளை என்றால் வாரக்கடன் வசூல்காரர்தான். மறுநாள் நோட்டை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனேன். பேச்சு வந்தது.

நம் ஊரில் பாதி வீடு மல்லிகைப்பூவை நம்பித்தான் இருக்கிறது. மொட்டு விரிவதற்குள் பறித்தால்தான் மார்க்கெட்டில் விலை. மூன்று மணிக்கு எழுந்து, நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்களை, ராத்திரி ஏழு மணிக்கு வகுப்புக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறேன். “ஏழு மணிக்கு நான் உங்க சாவடியில உக்காந்தா சோறு யாருண்ணே வடிப்பா? எட்டு மணிக்குப் படுத்தாத்தானே மூணு மணிக்கு எந்திரிக்க முடியும்” என்றார் ஒருவர். வீட்டில் வந்து சொன்னேன். “இதைக் கேக்கத்தான் ஊரைச் சுத்துனீகளா? என்னைக் கேட்டா அன்னைக்கே சொல்லியிருப்பேன்” என்றார் என் மனைவி. இதையும் குறிப்பில் ஏற்றியிருக்கிறேன்.

சாவடி இரண்டாவது தடை. இதைச் சொன்னால் வருத்தப்படுவீர்கள், இருந்தாலும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெண்கள் சாவடிப் படி ஏறி உட்கார்ந்ததில்லை. அங்கே மாமனார் முறை, கொழுந்தனார் முறை ஆட்கள் துண்டை விரித்துத் தாயம் ஆடிக்கொண்டிருக்கும்போது, எதிரே சிலேட்டோடு எந்த மருமகள் உட்காருவாள்? ஒரு மணி நேரம் ஆட்டத்தை மந்தை வேம்படிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். கேட்ட நேரத்தில் தாயம் விழுந்துவிட்டது, யாருக்கும் காது கேட்கவில்லை.

அப்புறம் ஆதார். பெயர் எழுத ஆதார் எண் வேண்டும் என்று கேட்ட உடனே பேச்சு நின்றுவிடும். படித்தவர் என்று எழுதிவிட்டால் நூறு நாள் வேலை போய்விடும், உரிமைத்தொகை 1,000 ரூபாய் நின்றுவிடும் என்று எவரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை என்று நான் சொன்னதை நம்பினார்களோ இல்லையோ தெரியாது. முதல் இரண்டு மாதம் யார் எண்ணையும் வாங்கவில்லை. சும்மா வந்து உட்காருங்கள் என்றேன்.

தேர்வு என்ற சொல்லும் ஆளை விரட்டியது. “எம் பேத்தி உக்காருற பெஞ்சுல நான் உக்காந்து பரீட்சை எழுதி பெயிலாகவா?” என்று கேட்ட அப்பத்தாவுக்கு, தேறாவிட்டால் மறுபடி எழுதலாம் என்று சொன்னேன். அதற்கு அவர், “அப்ப ரெண்டு தரம் பெயிலாகணும்ங்கிற” என்றார்.

தை பிறந்தால் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், முறுக்குக் கம்பெனி வேலைக்கு வடக்கே போகிறவர்கள், கைப்பிள்ளையை விட்டுவர ஆளில்லாதவர்கள், ‘இந்த வயசுல கலெக்டராகப் போறியா’ என்று வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கியவர்கள் என்று நோட்டு நிறைந்துவிட்டது. ஆர்வம் இல்லை என்று சொன்னவர்களைத் தேடினேன். அப்படிச் சொன்னவர் ஒருவர்தான். அவரும் பூ வரத்து குறைந்த மார்கழியில் தானாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

பழைய பால் சொசைட்டிக் கொட்டகையின் சாவியை வாங்கி, சாணி வாரி, சுண்ணாம்பு அடித்து, நவம்பரில் மறுபடி தொடங்கினோம். தொடங்கினோம் என்பது மரியாதைப் பன்மை. நேரம் மதியம் மூன்றரை முதல் ஐந்து. நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளும் நேரே அங்கே வந்துவிடும். கைப்பிள்ளைகளுக்குக் கம்பி வேலிப் பக்கம் ஒரு தொட்டில். அம்மாவின் சிலேட்டை மூன்றாம் வகுப்புப் பிள்ளை திருத்துகிறது. ரேங்க் கார்டில் அம்மா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் மட்டும் இந்த ஏற்பாட்டை விரும்பவில்லை.

இங்கே இன்னொரு அறிவீனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் வாரம் வந்து நின்றுபோன ஐந்து பேரிடம் காரணம் கேட்டால், “மண்டையில ஏறல” என்றார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர் என் கண்ணாடியை விளையாட்டாக மாட்டிப் பார்த்துவிட்டு, “அட, இதுல கொக்கி இருக்கா!” என்றார். ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் வித்தியாசமே தெரியாமல்தான் அத்தனை நாள் இருந்திருக்கிறார். வெள்ளெழுத்து. 1976இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மதுரைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சிலேட்டு வாங்கத் தெரிந்த எனக்குக் கண்ணாடி வாங்கத் தோன்றவில்லை. பிறகு நன்கொடையில் 12 கண்ணாடி வாங்கினோம். ஐந்தில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள்.

பாடமும் மாறியது. ட, ப, ம என்று தொடங்கிப் ‘படம்’, ‘பட்டம்’ என்று போய்க்கொண்டிருந்தேன். ஒரு மதினி முந்தானை முடிச்சிலிருந்து பூக்கமிஷன் கடைச் சிட்டையை எடுத்து, “இத மொதல்ல சொல்லுங்க” என்றார். மஞ்சள் தாள், கார்பன் எழுத்து, வியர்வையில் பாதி அழிந்திருந்தது. எடை, விலை, கமிஷன், வண்டி வாடகை, மீதி. அன்றிலிருந்து அதுதான் பாடப்புத்தகம். ஆளுக்கு ஒரு கட்டுச் சிட்டை வீட்டில் இருக்கிறது, ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்கள், ஒருவரும் வாசித்ததில்லை. மாசியில் அவரே கடைக்குப் போய், கமிஷன் கூடப் பிடித்திருக்கிறீர்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். பார்த்தால் 3ஐ 8 என்று வாசித்திருக்கிறார். எனக்குப் பக்கென்று இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தப்பு எம்மேலதே. ஆனா வரி வரியா வாசிச்சுக் காட்டுனாண்ணே. முன்னாடியெல்லாம் காசைத்தே கையில வெப்பான்.”

நிலவரம் இது: பெயர் கொடுத்தவர்கள் 31. தொடர்ந்து வருகிறவர்கள் 14. தேர்வு எழுத ஒத்துக்கொண்டவர்கள் 6. பங்குனியில் பூ வரத்து கூடியதும் 9 பேர்தான் வந்தார்கள். இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் சொல்லலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 சதவீதம், ஆண்கள் சுமார் 87, பெண்கள் 73. அதுவும் வீட்டில் இருப்பவர் சொன்னதை எழுதிக்கொண்டதுதான், யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. என் நோட்டில் நான் வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே போட்டால் ஊர் மானம் போகும்.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, பொங்கல் வசூல் மீதி ஆகியவை வரவு. நிகழ்ச்சிகள், வகுப்பு, சில்லறை ஆகியவை செலவு. ரசீது உள்ளவை கோப்பில் இருக்கின்றன. ரசீது இல்லாதவற்றை நானும் பொருளாளரும் உட்கார்ந்து பேசி ஒரு மாதிரி நேர்செய்துவிட்டோம். கையிருப்பு 1,860 ரூபாய். அதில் 500 இன்னும் ஒருவர் கையில் இருக்கிறது. 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும் என்பதால் அவர் சீக்கிரம் கொடுத்துவிடுவார் என்று நம்புகிறேன்.

சந்தா மாதம் 10 ரூபாய். வருடத்துக்கு 120. செலுத்தியவர்கள் 27 பேர். மற்ற 37 பேரில் மூன்று பேர் உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர்கள், அவர்களை நான் கேட்கவும் இல்லை. மற்றவர்களில் புது புல்லட் வாங்கியவர் இருக்கிறார், வீட்டுக்கு மாடி எடுத்தவர் இருக்கிறார். கொட்டகைக்கு வரும் பெண்கள் சிலேட்டுக்குச்சிக்கும் தேத்தண்ணிக்கும் வாரம் 5 ரூபாய் தாங்களாகவே டப்பாவில் போடுகிறார்கள். அந்த டப்பாவில் இப்போது மன்றத்தின் கையிருப்பைவிடச் சில நூறு அதிகம் இருக்கிறது. கொட்டகைக்கு நான் நவம்பரிலிருந்து கட்டும் மின்கட்டணத்தை இங்கே குறிப்பிடவில்லை.

கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடித்தவர், மோர்ப் பந்தலுக்குத் தயிர் கொடுத்தவர், சொசைட்டிச் சாவியைக் கொடுத்தவர், தலைமையாசிரியர், கண்ணாடிக்கு நன்கொடை தந்த பெயர் சொல்ல விரும்பாத வெளியூர்வாசி, தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒன்றுதான். எனக்கு 61 ஆகிறது. வேறு யாராவது செயலாளர் பொறுப்பை எடுத்துக்கொள்வதானால் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுவேன். போன ஆண்டும் சொன்னேன், அறை அமைதியாக இருந்தது. இருக்கும்வரை ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வகுப்புக்கு ஆண்கள் ஒருவரும் வரவில்லை. ஆண்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை என்பதால் அல்ல. சாவடியில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்கிறோம். கையில் கொடுத்தால் “கண்ணாடி எடுத்துட்டு வரல” என்கிற குரல் தினமும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன். இந்த அறிக்கையின் நகலும் எல்லோர் கையிலும் இருக்கிறது.

அவர்களுக்காக ராத்திரி எட்டு மணிக்கு மேல் என் வீட்டு வெளித்திண்ணையில் விளக்கு எரியும். 12 கண்ணாடியில் மூன்று மிச்சம் இருக்கிறது. போர்டு கிடையாது, பெயர் எழுதுவது கிடையாது. வழியில் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால், செயலாளரிடம் சந்தா கட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ரசீதுப் புத்தகமும் திண்ணையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்