மழையில் கொக்குக்குக் குளிராதா?

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, "அத்தை, இந்த மழையில கொக்கெல்லாம் எங்க போய்ப் படுக்கும், அதுக்குக் குளிராதா?" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "அதுக்குத்தான் இறகு இருக்கே, போய்த் தூங்கு" என்றேன். அதற்குள் இங்கே கரண்டும் போய்விட்டது. அது பதில் இல்லை, உன் வாயை அடைக்கிற வேலை. அதற்கப்புறம் ஒரு மாதமாகக் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் நான் உன் வயசில் செய்த கூத்து ஒன்று. அப்போது வீட்டில் ஒரு வாத்து இருந்தது. மாட்டுப் பொங்கலன்று ஊரே மாட்டைக் குளத்தில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. என் வாத்துக்கு மட்டும் பொங்கல் இல்லையா என்று எனக்கு ஆங்காரம். துணி சோப்பை எடுத்து, தலை முதல் வால் வரை நுரை பொங்கத் தேய்த்துக் கழுவினேன். வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. பெருமையாகக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டேன். தக்கை மாதிரி மிதக்கிற வாத்து, அன்றைக்குப் பாதி உடம்பு முங்கித் தத்தளித்தது. கரையேறினபோது நனைந்த கோணி மாதிரி இருந்தது. தை மாசக் குளிர் வேறு, வெடவெடவென்று நடுங்கியது. உன் அப்பாயி அதை வைக்கோல் போட்ட கூடையில் வைத்து மூடிவிட்டு, என் முதுகில் ஒன்று வைத்தாள். "மேல இருந்த எண்ணெய எல்லாம் எடுத்துட்டியேடி பாவி!"

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நாட்டுக்கோழி அடித்தால், வால் முளைக்கிற இடத்தில் ஒரு மொட்டு இருக்கும். கறி வீச்சமடிக்கும் என்று அதை அறுத்துத் தூரப் போடுவோம். அதுதான் எண்ணெய்ச் சுரப்பி. பறவை அலகை அதில் அழுத்தித் தொட்டுத் தொட்டு இறகு முழுக்கப் பூசிக்கொள்ளும். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் மைனா நாளில் பாதியை இதற்கே செலவழிக்கிறது என்று தோன்றும்.

எண்ணெய் மட்டும் போதாது. காக்கா இறகு ஒன்று கிடந்தால் எடுத்து, விரலால் நடுவில் பிரித்துப் பார். கிழிந்த மாதிரி விலகும். பிறகு அடியிலிருந்து நுனிக்கு இரண்டு விரலால் நீவு, மறுபடி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, உன் ஸ்கூல் பையின் ஜிப் மாதிரி. அந்த ஜிப் விலகாமல் இருந்தால்தான் தண்ணீர் உள்ளே போகாது. இறகு பழசாகாமல் இருக்க எண்ணெய், பிரிந்ததைச் சேர்த்துவைக்க அலகு. கோதிவிடுவது என்கிறோமே, அந்த ஒரே வேலையில் இரண்டும் நடந்துவிடும்.

மேலிறகுக்கு அடியில் பஞ்சு மாதிரி இருக்கும் இறகுதான் கம்பளி. பறவையின் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல். நமக்கு அந்த அளவு வந்தால், அதாவது 104 ஃபாரன்ஹீட், டாக்டரிடம் ஓடுவோம். அதற்கு அது சாதாரணம். அந்தச் சூட்டை விடாமல் பிடித்துவைக்க இறகைச் சிலிர்த்து, நடுவில் காற்றை அடைத்துக்கொள்கிறது. மார்கழி விடியலில் கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவிகள் எலுமிச்சம்பழம் போல உருண்டையாக இருப்பது அதனால்தான், தின்று கொழுத்ததால் இல்லை. தூறலில் இந்த உருண்டை சரிப்படும். மழை சாத்துசாத்தென்று சாத்தும்போது இறகை உடம்போடு ஒட்டவைத்து, நிமிர்ந்து, அலகை மேலே தூக்கி ஒல்லியாக நிற்கும். மழை வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் ஒரு காக்கா முக்கால் மணிநேரம் அப்படியே நின்றதை இந்த வருஷம் பார்த்தேன். காற்று திரும்பினால் அதுவும் திரும்பியது. முகம் எப்போதும் காற்றுக்கு நேரே. பின்னாலிருந்து அடித்தால் இறகைத் தூக்கிவிடுமே!

பேகன் மயிலுக்குப் போர்வை போர்த்தினதை வள்ளல்தன்மை என்று பாடத்தில் படித்திருப்பாய். படித்துவை, மார்க் வரும். ஆனால் மயிலுக்கு அந்தப் போர்வை தேவைப்பட்டிருக்காது.

நீ கேட்ட கொக்குக்கு வருகிறேன். நம் வரப்பில் நிற்கிற மடையானை உனக்குத் தெரியும், உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் வெள்ளை. அது முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கிறதே, கால் விறைக்காதா என்பாய். அந்தக் காலில் சதை கிடையாது. சதையெல்லாம் மேலே, இறகுக்குள். கீழே எலும்பும் தசைநாரும்தான். அதோடு, காலுக்கு இறங்குகிற சுடு ரத்தமும் காலிலிருந்து ஏறுகிற குளிர்ந்த ரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் ஒட்டிப் போகின்றன. இறங்குவது தன் சூட்டை ஏறுவதிடம் கொடுத்துவிட்டுப் போகும். கால் குளிர்ந்தாலும் உடம்பு குளிராது. அதிலும் ஒற்றைக்காலை இறகுக்குள் மடக்கிக்கொண்டால் நஷ்டம் பாதி.

எல்லாவற்றுக்கும் இப்படி வாய்த்துவிடவில்லை. நீர்க்காகத்தின் மேலிறகில் தண்ணீர் ஏறும். அதனால்தான் மீன் துரத்தி ஆழமாக முங்க முடிகிறது. வெளியே வந்து குளத்துக் கம்பில் இறக்கையை விரித்து, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி நிற்க வேண்டியதுதான். கூகை பாடு இன்னும் மோசம். சத்தமில்லாமல் பறக்க மெத்தென்ற இறகு, அது சீக்கிரம் நனைந்துவிடும். காதை வைத்து எலி பிடிக்கிற ஜீவன், மழைச் சத்தத்தில் என்ன கேட்கும்? கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று வயலில் நாம் நட்டுவைத்த மட்டைகள் அடைமழை ராத்திரிகளில் சும்மாதான் கிடக்கும்.

குளிரைவிடப் பசிதான் பறவையை அதிகம் கொல்லும். சின்னப் பறவை பகலில் தின்று சேர்த்த கொழுப்பை ராத்திரி எரித்துத்தான் விடியலைப் பார்க்கிறது. மூன்று நாள் விடாமல் பெய்தால் பூச்சி பறக்காது, தகைவிலானுக்குப் பட்டினி. அதே மழை நத்தைகுத்தி நாரைக்கு விருந்து. வயலெல்லாம் நத்தை. உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்தில் அவை இந்தக் காலத்தில்தான் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கோடியக்கரைக்கு வருகிற சின்ன உள்ளான் என்கிற பறவையைக் கையில் எடுத்தால் முப்பது கிராம்கூடத் தேறுவது கஷ்டம். ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே சேறு உறைந்தால் புழு எங்கே கிடைக்கும்? நாம் ஸ்வெட்டர் போடுகிற மார்கழி அதற்குக் கோடைமாதிரி.

சரி, எங்கே போய்ப் படுக்கும் என்று கேட்டாயே, அதற்குப் பதில் நம் பூவரசு. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறதே, அதில் பொழுது சாய்ந்தால் மைனாக்கள் சந்தைக்கடை மாதிரி கத்திக்கொண்டு வந்து அடையும், கூட ஏழெட்டு மடையானும். மழையில்லாத நாளில் மரம் முழுக்கப் பரவி உட்காரும். வடகிழக்கிலிருந்து வாடை அடித்த ராத்திரிகளில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கக் கிளைகள் காலி. எல்லாம் தென்மேற்குப் பக்கம், அடிமரத்தை ஒட்டி, இலைக்கு அடியில், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. தலை இறகுக்குள். ஒரு மைனா மட்டும் கண்ணைத் திறந்து என்னை முறைத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்தபோது நீ கைக்குழந்தை. விடிந்து பார்த்தால் கொல்லையில் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. வரப்போரம் காக்காயும் கொக்கும் செத்துக் கிடந்தன. மிச்சமிருந்தவை விழுந்த தென்னைகள் மேல் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன. இறகு இருந்தது, எண்ணெய் இருந்தது, ஒதுங்க மரம்தான் இல்லை. பூவரசு ஒரு கிளை ஒடிந்து தப்பித்தது.

உங்கள் பால்கனியில் நனைந்த குருவி எதுவும் வந்து விழுந்தால், ஹேர் டிரையர் வேண்டாம். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றாதே, புரையேறிச் செத்துவிடும். அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, காய்ந்த துணி விரித்து, உள்ளே விட்டு, இருட்டாக, சத்தமில்லாமல் வைத்துவிடு. அடிக்கடி திறந்து பார்க்காதே. காய்ந்து, உள்ளே படபடத்தால் மழை விட்டதும் வெளியே கொண்டுபோய்த் திற.

இன்னொரு விஷயம். உங்கப்பா போன தடவை வந்தபோது கார்மேல் எச்சம் விழுகிறது, அந்தப் பூவரசை வெட்டிவிட்டு ஷெட் போடலாம் என்று ஆள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். ஆள் நேற்று அரிவாளோடு வந்தார், காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவன் என் பேச்சைக் கேட்க மாட்டான், நீ சொன்னால் கேட்பான். பொங்கலுக்கு வரும்போது காரைக் கோயில் வாசலில் நிறுத்தச் சொல். டார்ச்சுக்குப் புது செல் வாங்கி வா. ராத்திரி ரெண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம்.

உன் அத்தை